எப்போது முடியும்? – வேலைக்கு நாள் குறிக்கும் முறை

பட்டப்படிப்பின் இறுதி ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், அதை முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று ஒரு முறை கேட்டார்கள். மாணவர்கள் சொன்னதன் சராசரி சுமார் 34 நாள். எல்லாமே தடங்கலாகிப் போனால் எத்தனை நாள் என்றும் கேட்டார்கள். அதற்கு வந்த சராசரி சுமார் 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். கனடா பல்கலைக்கழகம் ஒன்றில் நடந்த இந்த ஆய்வை ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய உளவியல் ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டாவது எண். மிக மோசமான நிலையைக் கற்பனை செய்து சொன்ன கணக்கையும் நிஜம் தாண்டிவிட்டது. அந்த மாணவர்கள் சோம்பேறிகள் அல்லர். வேலையை மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கும் எவருக்கும் வேலை மட்டும்தான் தெரியும். நடுவில் வரும் காய்ச்சல், ஊருக்குப் போய்விட்ட வழிகாட்டி, திறக்க மறுக்கும் கோப்பு எதுவும் அந்த ஓட்டத்தில் வராது.

வீடு கட்டுபவருக்கும் மென்பொருள் எழுதுபவருக்கும் கல்யாண வேலையைத் தலையில் போட்டுக்கொண்டவருக்கும் வரும் முதல் கேள்வி 'எப்போது முடியும்?' என்பதுதான். அதற்கு நம்பத்தக்க ஒரு பதிலை எப்படித் தயாரிப்பது என்பதை இந்த அத்தியாயம் படிப்படியாகச் சொல்கிறது. ஒரு நோட்டு, ஒரு தினசரி நாள்காட்டி, பழைய படங்களும் செய்திகளும் அழிக்கப்படாத ஒரு கைபேசி. இவை போதும்.

படி 1: எது 'முடிந்தது' என்பதை எழுதுங்கள்

நாள் கணக்குக்கு முன்னால் ஒரு வாக்கியம் எழுத வேண்டும்: இந்த வேலை முடிந்தது என்று எதை வைத்துச் சொல்வோம்? கொத்தனாருக்குப் பூச்சு முடிந்தால் வீடு முடிந்தது. வீட்டுக்காரருக்கு மின் இணைப்பு வந்து, குழாயில் தண்ணீர் வந்து, பால் காய்ச்சினால்தான் முடிந்தது. மென்பொருள் எழுதியவருக்குத் தன் கணினியில் ஓடினால் முடிந்தது. வாடிக்கையாளருக்குத் தன் ஊழியர்கள் அதில் பில் போட்டால்தான் முடிந்தது. இந்த இரண்டு 'முடிந்தது'களுக்கும் நடுவே பல வாரங்கள் இருக்கலாம். தகராறுகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன.

எது வேண்டும் என்று தீர்மானிக்காமல் ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதற்கு சிட்னி ஓப்ரா ஹவுஸ் சாட்சி. 1959-இல் கட்டுமானம் தொடங்கியபோது 1963 ஜனவரியில் முடியும், 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்குச் சமமான தொகை ஆகும் என்றார்கள். கூரையின் ஓடு வடிவங்களை எப்படிக் கட்டுவது என்பது அப்போது முடிவாகவே இல்லை. அதற்குள் அடித்தளம் எழும்பிவிட்டது. பிறகு கூரையின் கனத்தை அங்கிருந்த தூண்கள் தாங்காது என்று தெரிந்து, அவற்றைத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. கட்டடம் திறக்கப்பட்டது 1973 அக்டோபர் 20 அன்று. செலவு 10 கோடியே 20 லட்சம் டாலர்.

படி 2: பழைய வேலைகளைத் தேடுங்கள்

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு படியை மட்டும் செய்ய நேரம் இருந்தால், இதைச் செய்யுங்கள்.

1970-களில் இஸ்ரேலில் உளவியலாளர் டேனியல் கானமன் ஒரு குழுவோடு சேர்ந்து உயர்நிலைப் பள்ளிக்கான பாடத்திட்டம் ஒன்றைத் தயாரித்துக்கொண்டிருந்தார். வேலை முடிய எத்தனை காலம் ஆகும் என்பதை ஒவ்வொருவரும் தனித்தனியே தாளில் எழுதச் சொன்னார். எல்லோரும் ஒன்றரை ஆண்டு முதல் இரண்டரை ஆண்டுக்குள் எழுதினார்கள். குழுவில் இருந்த பாடத்திட்ட வல்லுநரும் அதையேதான் எழுதியிருந்தார். பிறகு அவரிடமே கேட்டார்கள்: இதுபோன்ற மற்ற குழுக்களுக்கு எவ்வளவு காலம் ஆயிற்று? அவர் யோசித்துச் சொன்ன பதில் எல்லோரையும் உறைய வைத்தது. நூற்றுக்கு 40 குழுக்கள் முடிக்கவே இல்லை. முடித்தவர்களுக்கு 7 முதல் 10 ஆண்டுகள் ஆயின. கானமனின் குழு வேலையை முடிக்க 8 ஆண்டுகள் ஆயின.

சரியான பதில் அந்த வல்லுநரின் தலைக்குள்தான் இருந்தது. ஆனால் தன் வேலையைக் கணக்கிடும்போது அவர் அதை எடுத்துப் பார்க்கவில்லை. கேள்வியை மாற்றிக் கேட்டதும் வெளியே வந்தது.

வீடு கட்டப் போகிறவர்கள் பொதுவாக இப்படிக் கேட்பார்கள்:

"மேஸ்திரி, தைக்குள்ள பால் காய்ச்சிடலாமா?"

"காய்ச்சிடலாம் சார். நான் இருக்கேன்ல."

மேஸ்திரி பொய் சொல்லவில்லை. கேட்டவருக்கு மரியாதை கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். அதையே இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

"நீங்க கடைசியா முடிச்ச மூணு வீடு எது மேஸ்திரி? ஒவ்வொண்ணுக்கும் அஸ்திவாரம் தோண்டினது எந்த மாசம், பால் காய்ச்சினது எந்த மாசம்?"

இப்போது கிடைப்பது நம்பிக்கை அல்ல, கணக்கு. மூன்றில் இரண்டு வீடு 11 மாதம் இழுத்திருந்தால் உங்கள் வீடு மட்டும் ஏழு மாதத்தில் முடிவதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை எழுத முடியாவிட்டால் 11 மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

*குறிப்பு:* பழைய தேதிகள் நினைவில் இல்லை என்பவர்கள் கைபேசியைத் திறந்தால் போதும். படங்களில் தேதி இருக்கும். சிமென்ட் கடைக்குப் பணம் அனுப்பிய யு.பி.ஐ. பட்டியலில் இருக்கும். 'சார், இன்னிக்கு ஆள் வரல' என்ற வாட்ஸ்அப் செய்தியில் இருக்கும். மென்பொருள் குழுவில் இருப்பவருக்கு கிட் பதிவுகள் ஒவ்வொரு மாற்றத்தின் நாளையும் நிமிடத்தையும் காட்டும். நினைவு நல்ல நாள்களைத்தான் சேர்த்து வைக்கும். தேதியைப் பதிவில் பாருங்கள்.

படி 3: துண்டு போடுங்கள்

வேலையைச் சிறு துண்டுகளாகப் பிரித்து எழுதுங்கள். ஒரு துண்டு இரண்டு நாளைத் தாண்டினால், அதற்குள் இன்னும் பிரிக்காத வேலை ஒளிந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். 'பத்திரிகை வைப்பது – 1 வாரம்' என்று எழுதினால் எதுவும் தெரியாது. ஊர்வாரியாக, தெருவாரியாக வீடுகளை எழுதினால் எந்த ஞாயிற்றுக்கிழமை எந்தப் பக்கம் போக வேண்டும் என்பது வரை தெரிந்துவிடும். ஒவ்வொரு வீட்டிலும் உட்கார வைத்து காபி கொடுப்பார்கள் என்பதும் கணக்கில் சேரும்.

ஒரே மாதிரி துண்டுகள் பல இருந்தால் முதல் துண்டைச் செய்து பார்த்து அளந்துகொள்ளுங்கள். ஒரு அறைக்கு டைல்ஸ் ஒட்டிய நேரத்தை வைத்து நான்கு அறைக்குக் கணக்கிடலாம். ஒரு திரையை எழுதிச் சோதித்த நேரத்தை வைத்துப் பத்துத் திரைக்குக் கணக்கிடலாம். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1930 மார்ச்சில் தொடங்கி 1931 மே 1-ஆம் தேதி, ஏறத்தாழ 13 மாதத்தில், திறக்கப்பட்டது. 102 தளங்கள். தளத்துக்குத் தளம் பெரும்பாலும் அதே வேலை திரும்பத் திரும்ப வந்ததால், ஒரு தளத்தில் பழகிய கை அடுத்த தளத்தில் வேகம் பிடித்தது.

படி 4: கை வேலையையும் காத்திருப்பையும் பிரியுங்கள்

நோட்டில் ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே இரண்டு பத்தி போடுங்கள்: கை வேலை எத்தனை நாள், காத்திருப்பு எத்தனை நாள். கை வேலையைப் பல நேரம் ஆள் சேர்த்துக் குறைக்க முடியும். காத்திருப்பை முடியாது. அச்சகத்திலிருந்து பத்திரிகையின் புரூஃப் வருவது, வங்கிக் கடன் அனுமதி, செயலியை ஆப் ஸ்டோர் பரிசீலிப்பது, வாடிக்கையாளர் 'சரி' என்று பதில் போடுவது எல்லாம் காத்திருப்புதான்.

கட்டுமானத்தில் காத்திருப்பு உயிர் சம்பந்தப்பட்டது. அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பு: சென்டரிங் பிரிக்கும் நாள்

காங்கிரீட் போட்ட மறுநாளே மேலே நடக்க முடிகிறது என்பதால் அது வலுவாகிவிட்டது என்று நினைப்பது ஆபத்து. முட்டு எடுப்பதற்கான குறைந்தபட்ச நாள்களை இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 456 (2000) வகுத்திருக்கிறது:

1. கூரைத் தளம், 4.5 மீட்டர் வரை இடைத்தூரம்: 7 நாள்.
2. கூரைத் தளம், 4.5 மீட்டருக்கு மேல்: 14 நாள்.
3. உத்திரம் (பீம்), 6 மீட்டர் வரை: 14 நாள்.
4. உத்திரம், 6 மீட்டருக்கு மேல்: 21 நாள்.

இவை சாதாரண போர்ட்லேண்ட் சிமென்டுக்கு, முறையாகத் தண்ணீர் விட்டிருந்தால் பொருந்தும் எண்கள். இப்போது வீடுகளுக்குப் பரவலாக வாங்கப்படும் பி.பி.சி. (போர்ட்லேண்ட் பொசலானா) சிமென்ட் மெதுவாக வலுப்பெறும். அதற்குக் கூடுதல் நாள் வேண்டும். எத்தனை என்பதைப் பொறியாளர் எழுதித் தரட்டும். தண்ணீர் விடுவதற்கும் கணக்கு உண்டு: சாதாரண சிமென்டுக்குக் குறைந்தது 7 நாள், பி.பி.சி. போன்ற கலப்பு சிமென்டுக்கோ, வெயில் வாட்டும் காலத்திலோ குறைந்தது 10 நாள். தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதுதான் நம்பகமான வழி.

முகூர்த்தம் நெருங்குகிறது, சென்டரிங் பலகை வேறு வேலைக்கு வேண்டும் என்று யார் சொன்னாலும் இந்த நாள்களில் கை வைக்கக் கூடாது. முட்டு எடுக்க வேண்டிய தேதியைத் தளம் போட்ட அன்றே சுவரில் சுண்ணாம்பால் எழுதி வைத்துவிடுவது நல்லது. அப்போது மேஸ்திரி மாறினாலும் தேதி மாறாது.

குளியலறைக்கும் ஒரு காத்திருப்பு உண்டு. நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்த பின், டைல்ஸ் ஒட்டும் முன், தரையில் ஒரு நாளாவது தண்ணீர் தேக்கி வைத்துக் கீழ்த்தளத்தில் ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். ஒட்டிய டைல்ஸைப் பெயர்த்து எடுக்கும் செலவோடு ஒப்பிட்டால் அந்த ஒரு நாள் மிகவும் மலிவு.

படி 5: மூன்று எண் எழுதுங்கள்

ஒவ்வொரு துண்டுக்கும் ஒரே எண்ணை எழுதாமல் மூன்று எழுதுங்கள்: எல்லாம் நன்றாக நடந்தால், வழக்கம்போல் நடந்தால், கெட்டால். வழக்கமான எண்ணை நான்கால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் போலாரிஸ் ஏவுகணைத் திட்டத்துக்காக 1958-இல் உருவான 'பெர்ட்' முறையின் சூத்திரம் இது.

சமையலறை டைல்ஸ் வேலையை எடுத்துக்கொள்வோம். நன்றாக நடந்தால் 3 நாள், வழக்கமாக 4 நாள், கெட்டால் 11 நாள். 3 + 16 + 11 = 30. ஆறால் வகுத்தால் 5 நாள். வழக்கமாக ஆகும் 4 நாளைவிட இது ஒரு நாள் அதிகம். காரணம், வேலை சீக்கிரம் முடிந்தால் மிச்சமாவது ஒரே நாள். கெட்டால் இழுப்பது ஏழு நாள்.

ஒரு எச்சரிக்கை. மூன்றாவது எண்ணைக் கற்பனையில் எடுக்காதீர்கள். தொடக்கத்தில் பார்த்த மாணவர்களின் 49 நாள் கற்பனையில் எடுத்த எண்தான். படி 2-இல் சேகரித்த பழைய வேலைகளில் எது அதிகமாக இழுத்ததோ, அதுவே மூன்றாவது எண்.

படி 6: ஒதுக்கு நாளை ஒரே இடத்தில் வையுங்கள்

தடங்கலுக்கென்று ஒவ்வொரு துண்டிலும் இரண்டு நாள் ஒளித்து வைப்பவர்கள் உண்டு. அது பயன் தராது. கிடைத்த நேரம் முழுவதையும் வேலை விரிந்து நிரப்பிக்கொள்ளும் என்று சிரில் நார்த்கோட் பார்க்கின்சன் 1955-இல் 'தி எக்கனாமிஸ்ட்' இதழில் எழுதியது இன்றும் எந்த அலுவலகத்திலும் பொருந்தும். துண்டுகளை உள்ளது உள்ளபடி எழுதி, ஒதுக்கு நாள்களை மொத்தமாகக் கடைசியில் வையுங்கள். அது எவ்வளவு கரைந்திருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியட்டும். பழைய கணக்கு கையில் இல்லாத புது வேலைக்கு, மொத்த நாளில் மூன்றில் ஒரு பங்கை ஒதுக்குவது பொருத்தமான தொடக்கம். தமிழ்நாட்டில் கட்டட வேலை அக்டோபர் முதல் டிசம்பர் வரை விழுந்தால், வடகிழக்குப் பருவமழைக்கென்று அதற்கு மேலும் வேண்டும்.

அலுவலக வேலைக்கு இன்னொரு கைக்கணக்கு: எட்டு மணி நேர நாளில் திட்டத்துக்கு ஐந்து மணி நேரம்தான் கிடைக்கும் என்று எழுதுங்கள். கூட்டமும் தொலைபேசியும் பக்கத்து மேசையின் சந்தேகமும் மீதியை எடுத்துக்கொள்ளும்.

படி 7: தேதியைச் சொல்லும் விதம்

ஒற்றைத் தேதியைச் சொன்னால் கேட்பவர் அதை வாக்குறுதியாக எழுதிக்கொள்வார். இரண்டு தேதி சொல்லுங்கள். எதை நம்பி மற்ற ஏற்பாடு செய்யலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

"சார், எல்லாம் சரியா வந்தா பத்தாம் தேதி முடியும். பேமென்ட் பக்கத்துல அனுமதி லேட்டானா பதினெட்டு ஆகும். கஸ்டமர்கிட்ட பதினெட்டுன்னே சொல்லுங்க."

பதினெட்டு மிகவும் தள்ளிப் போகிறது என்று மேலதிகாரி சொன்னால் தேதியைக் குறைக்காதீர்கள், வேலையைக் குறையுங்கள். எந்தத் திரையை அடுத்த மாதத்துக்குத் தள்ளலாம், எந்த அறையின் பெயிண்டைப் பிறகு பார்க்கலாம் என்று கேட்கலாம். கணக்கு அப்படியே இருக்க, தேதி மட்டும் மாறினால் இடையில் பலியாவது பெரும்பாலும் சோதனைதான்.

அடிக்கடி நேரும் தவறுகள்

சோதனைக்கு நாள் ஒதுக்காதது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓ.எஸ்./360 மென்பொருள் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975-இல் வெளியான 'தி மித்திக்கல் மேன்-மன்த்' நூலில் தன் கணக்கைத் தந்திருக்கிறார். மொத்த நாளில் மூன்றில் ஒரு பங்கு திட்டமிடலுக்கு, ஆறில் ஒரு பங்கு கோடிங்குக்கு, மீதிப் பாதி முழுவதும் சோதனைக்கு. புதிதாக வருபவர்கள் கோடிங்கை மட்டும் எண்ணிவிட்டு நாள் சொல்கிறார்கள். அப்படியானால் அவர்கள் சொல்வது மொத்த வேலையில் ஆறில் ஒரு பங்கை.

'தொண்ணூறு சதவீதம் முடிந்தது' என்பதை நம்புவது. முதல் 90 சதவீதம் 90 சதவீத நேரத்தைத் தின்னும், மிச்சமுள்ள 10 சதவீதம் இன்னொரு 90 சதவீத நேரத்தைத் தின்னும் என்பது பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டாம் கார்கில் சொன்ன கணக்கு. பெர்லினின் புதிய விமான நிலையம் 2012 ஜூன் 3 அன்று திறக்கப்பட வேண்டியது. கட்டடம் எழும்பி நின்றது. திறப்புக்குச் சில வாரம் முன்னால், தீத்தடுப்பு ஏற்பாடு தேறவில்லை என்று நிறுத்தினார்கள். திறந்தது 2020 அக்டோபர் 31 அன்று. எனவே சதவீதத்தைக் கேட்காதீர்கள். எந்தத் துண்டு முழுதாக முடிந்து சோதிக்கப்பட்டது, எது இல்லை என்று கேளுங்கள். பாதி முடிந்த துண்டுக்கு நோட்டில் சுழியம் போடுங்கள்.

தாமதமான வேலையில் புது ஆளைச் சேர்ப்பது. பின்தங்கிய மென்பொருள் வேலையில் ஆள் சேர்த்தால் அது இன்னும் பின்தங்கும் என்று அதே புரூக்ஸ் கண்டார். 5 பேர் ஒருவரோடு ஒருவர் பேச 10 இணைப்புகள். 10 பேர் என்றால் 45. புது ஆளுக்கு வேலை சொல்லித் தருபவர் தன் வேலையை விட்டுவிட்டு வர வேண்டும். மண் சுமப்பதற்கு இந்த விதி பொருந்தாது. நான்கு சித்தாள் கூடினால் மண் சீக்கிரம் போய்ச் சேரும். வேலையைப் பேசாமலே பிரிக்க முடியுமா என்று பாருங்கள். முடியுமானால் ஆள் சேர்க்கலாம்.

வரிசையைப் புரட்டுவது. ஒயரிங் பைப்பைச் சுவரில் புதைக்கும் முன் பூச்சு முடித்துவிட்டால், பூசிய சுவரை வெட்ட வேண்டும். நாள் மிச்சமாவதுபோல் தோன்றி இரட்டிப்பாகும். ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே 'இதற்கு முன் எது முடிய வேண்டும்?' என்று எழுதினால் இது நேராது.

படி 8: நடுவில் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை

துண்டுகளில் கால் பங்கு முடிந்தவுடன் நோட்டை எடுங்கள். அதற்குக் கணக்கிட்டது 8 நாள், ஆனது 12 நாள் என்றால், மீதிக்கும் ஒன்றரை மடங்கு என்று வைத்துத் தேதியை மாற்றி, அன்றே உரியவரிடம் சொல்லிவிடுங்கள். இனிமேல் வேகம் பிடித்துச் சரிசெய்துவிடலாம் என்று நினைக்கத் தோன்றும், அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். அப்போதே சொன்னால் எதிரில் இருப்பவர் மண்டபத்தை மாற்றலாம், வாடகை வீட்டை ஒரு மாதம் நீட்டிக்கலாம். கடைசி வாரத்தில் சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

வேலை முழுவதும் முடிந்ததும் நோட்டில் ஐந்து விவரம் எழுதுங்கள்: வேலையின் பெயர், தொடங்கிய தேதி, சொன்ன தேதி, முடிந்த தேதி, அதிகமாக இழுத்த ஒரு துண்டும் அதன் காரணமும். காரணத்தை ஒரே வரியில் எழுதினால் போதும். 'மணல் வர 9 நாள்', 'வாடிக்கையாளர் லோகோ தரவில்லை', 'ரவிக்கை தைக்கக் கொடுத்தது தாமதம்' என்கிற அளவில். அடுத்த வீடு, அடுத்த திட்டம், தங்கையின் கல்யாணம் என்று எது வந்தாலும் படி 2-க்கு இந்தப் பக்கத்தைத் திறந்தால் வேலை ஆரம்பிக்கும்.